நின்றால் இருட்டு

முனைக்காட்டில் கடல் உள்வாங்கியிருந்தது.
பாசி மிதவைகளுக்கு நடுவே
நண்டைவிடச் சற்றே பெரிய ரோபோவை இறக்கிவிட்டேன்.

வரைபடம் கொடுக்கவில்லை,
ஆறு மணி நேரத்தில் பொய்யாகிவிடும் கரை இது.
கொடுத்தது கொஞ்சம் செயற்கை நரம்பு.
ஏதாவது மாறினால்தான் துடிக்கும்,
மற்ற நேரம் சும்மா கிடக்கும்.
பேட்டரி சாயங்காலம் வரை தாங்குவது அதனால்தான்.

நுரை, கொக்கின் கழுத்து, கயிற்றின் நிழல்,
துடித்துத் துடித்து ஒதுங்கிப் போனது.

பிறகு சக்கரம் சேற்றில் புதைந்தது.
நின்றதும் அதற்கு உலகம் அணைந்துவிட்டது.
திரையில் வெறும் கறுப்பு.

இரண்டடி முன்னால்
கணுக்கால் தண்ணீரில் ராக்கு அக்கா,
பாசிக் கயிறு தோளில்,
மிரண்டுவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு.
அப்படி ஒருத்தி இல்லவே இல்லை அதற்கு.

"ஏம்மா, செத்துப்போச்சா?"
வாய் திறந்ததும் ஒரு புள்ளி வெளிச்சம்.
அப்புறம் உதடு. மூக்குத்தி.
கன்னத்தின் ஓரம் மட்டும்.

நோட்டில் எழுதினேன்:
நிற்கும்போதும் லேசாக நடுங்க வேண்டும்,
நம் கண்மணி நடுங்குவதுபோல.

எழுதி நிமிர்வதற்குள்
திரை முழுக்கப் பொரிந்துகொண்டிருந்தது.
தண்ணீர் திரும்பிவிட்டது.
அக்கா ஒரு கையால் அதைத் தூக்கி
பாசிக்கூடையில் போட்டாள்.