பதினெட்டு நிமிடம்

முந்நூற்றுப் பத்தாவது மரத்தையும் வெட்டி
கத்தியைத் துடைக்கும்போது மணி ஆறேகால்.
இனி அதுபாட்டுக்குச் சொட்டும்.
சிரட்டை நிறையும்வரை எங்களுக்கு ஒரு பாறை உண்டு,
சிற்றாறு அணைப்பக்கம் சாய்ந்தது.
லிற்றில் ஃபிளவர் புட்டும் பயறும் பிரிப்பாள்.
நான் விரலில் உலர்ந்த பாலை உருட்டி எறிந்துவிட்டு
மழைக்கோட்டுப் பைக்குள்ளிருந்து
அதை எடுப்பேன்.

நாத்தனார் மகன் பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்தது.
அவனுக்குப் புதிது கிடைத்ததும் எனக்கு வந்தது.
திரையின் மூலையில் நகமளவு கறுப்பு.
மேலே போகிற பொத்தான் மேலே போகாது,
அழுத்திக்கொண்டே கொஞ்சம் இடப்பக்கம் நெருக்கணும்,
எங்கள் குளிமுறித் தாழ்ப்பாள் போல.
ஐந்து மணிக்கூர் நின்ற சார்ஜ்
போன ஓணத்துக்கு இரண்டானது.
இப்போது பதினெட்டு நிமிடம்.

மார்த்தாண்டத்தில், பாலத்துக்கு அடியில்,
ஷாஜின் கழற்றிப் பார்த்தான்.
"அக்கா, பேட்டரி சக்கைக்குரு மாதிரி வீங்கிக் கெடக்கு.
கம்பெனிக்காரனே கைவிட்டாச்சு.
தலமாட்டுல வச்சு ஒறங்காதீங்க."
காசு வாங்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

பதினெட்டு நிமிடத்தில் எதைத் திறக்க?

கார்ப் பந்தயம் வேண்டாம்.
பனிமலை உண்டு, சுரங்கம் உண்டு, ரோட்டில் குழி மட்டும் கிடையாது.
குலசேகரம் பஸ்ஸில் தினம் தொங்குகிறவளிடம்
இந்தப் பொய் எடுபடுமா?
ஆனாலும் இரண்டு வருஷம் ஓட்டினேன்.
நாற்பத்தேழு நொடியில் ஒரு சுற்று, முதலிடம்.
பெயரெழுத இங்கிலீஷில் மூன்றெழுத்துக்குத்தான் இடம்.
புஷ்பலீலா அதில்
புஸ் ஆனாள்.

கட்டை விழுகிற ஆட்டம் லிற்றில் ஃபிளவருடையது.
நீளக்கட்டை வருமென்று
ஓரத்தில் ஒரு சந்து விட்டுவைப்பாள்.
மற்றதெல்லாம் வரும்.
குவிந்து கூரை முட்டியதும்
"எனக்கு எப்பவும் இப்பிடித்தாண்டி" என்று
புட்டை வாயில் போடுவாள்.

ஏழாம் வாசலில் ஒற்றைக்கண்ணன்.
அறுபத்தொரு தடவை என்னைக் கொன்றிருக்கிறான்.
இப்போது அவனைப் பார்த்தால் கோபம்கூட வருவதில்லை,
சூப்பர்வைசரைப் பார்ப்பதுபோல்தான்.

தோட்டத்தைத் திறந்தேன்.

நீல ஓட்டு வீடு, கிணறு, முட்டைக்கோஸ்.
போனஸ் என்று பேரிட்ட பசு.
விதைத்த மூன்றாம் நாள் காய்க்கும்.
அங்கே மழை பெய்தால் தண்ணீர் கோருகிற வேலை மிச்சம்.
இங்கே மழை பெய்தால் கூலி இல்லை.
அங்கே கட்டிலில் படுத்தால்தான்
அன்றைக்குச் செய்தது கணக்கில் ஏறும்.
இல்லையென்றால் விடியாத நாள் அது,
அறுத்ததும் இல்லை, விற்றதும் இல்லை.

பாதி வயலுக்குக் கோரியிருப்பேன்.
சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது.
தலைக்குமேல் இலைகள் வெளுப்பைக் காட்டிப் புரண்டன.
ஐப்பசி மழைக்கு நேரமா காலமா?
"எழும்புடி" என்று வாளியோடு ஓடினாள்.
வீடு திரும்ப ஆறேழு அடிதான் இருந்தது,
அதுவும் மேல்பக்கம், அந்தப் பொத்தான்.
கோட்டைப் போட்டு மூடி
அவளை வயலிலேயே நிறுத்திவிட்டு ஓடினேன்.

சிரட்டை சிரட்டையாய் வழித்து ஊற்றினோம்.
கடைசி வரிசை மரங்களில் தண்ணீரும் பாலும் கலந்து
பட்டை வழியே வீணாக இறங்கியது.

அங்கே நின்றுகொண்டே இருந்தால் இருட்டும்.
நள்ளிரவானதும் ஆள் மயங்கி விழும்.
யாரோ தூக்கிப்போய்க் கட்டிலில் கிடத்துவார்கள்.
யாரென்று காட்டமாட்டார்கள்,
காசு கொஞ்சம் குறைந்திருக்கும்,
ஆனால் கணக்கில் ஏறிவிடும்.

திரும்பி வந்து கோட்டை விலக்கினேன்.
கறுப்பு.
நள்ளிரவுக்கு முன்னா, பின்னா?
பொத்தானை அழுத்தினேன். உள்ளங்கையில் சூடு மட்டும்.

எடை போடும் வரிசையில் நனைந்து நின்றோம்.
எனக்கு இருபத்தொரு கிலோ, அவளுக்குப் பத்தொன்பது.
சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே
மெதுவாகக் கேட்டாள்:
"போனஸுக்குத் தீனி வச்சியா?"