எந்த சபை?

வெட்டூர்ணிமடத்தில் மூன்றாவது மாடி.
கீழே பேக்கரி அடைத்து வெகுநேரம்.
அட்லாண்டாவில் மாலை ஐந்தரை,
எங்களுக்கு இரவு மூன்று.
திரையில் வேலை கேட்டு நிற்கிறார்கள்
நான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஆட்கள்.

மென்பொருள் முதலில் மதிப்பெண் போடும்.
நான் பார்த்து ‘சரி’ அமுக்க வேண்டும்.
ஆளுக்கு நாற்பது நொடி.
ஒவ்வொரு படிவத்தின் அடியிலும்
எறும்பு சைசில் ஒரு வரி:
இனம், நிறம், மதம் பாராமல்
எல்லோருக்கும் சம வாய்ப்பளிக்கும் நிறுவனம் இது.
நொடி மிச்சம் பிடிக்க
ஆறு மாதமாய் அதைத் தாண்டித்தான் போனேன்.

இன்று டிஷாண்ட்ரா போல்க்.
கிடங்குக் கணக்கு, ஒன்பது வருடம்.
நாலு.
பதினொரு ஆள் முன்னால்
அதே கிடங்குக் கணக்கு, ஏழே வருடம்,
ஹெதர் என்று ஒருத்தி.
எட்டு.

தூக்கத்தை விரட்டத்தான் செய்தேன்.
பயிற்சிப் பக்கத்தில் போல்க்கின் படிவத்தை ஒட்டி
பெயரை மட்டும் அழித்து
என் பெயரை அடித்தேன்.
மில்ட்ரெட் ஹார்வி.

எட்டு.

மில்ட்ரெட்,
எப்போதோ வந்த ஒரு வெள்ளைக்காரி
விட்டுவிட்டுப் போன பெயர்.
எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர்.
ஹார்வி என் அப்பா,
வடசேரி சந்தையில் மரச்சீனி மூட்டை சுமக்கிறார்.
அட்லாண்டாவில் கதவைத் திறக்கிற பெயர்
நாகர்கோவிலில் திறந்ததில்லை.

மீனாட்சிபுரத்தில் ஒரு துணிக்கடை.
முதலாளி சர்டிபிகேட்டைப் புரட்டவில்லை.
“யாருக்க பிள்ளே நீ?
எந்த சபை?”
அவரும் வேதக்காரர்தான்.
மேசைக் கண்ணாடிக்கு அடியில் வசன அட்டை.
சபை என்று கேட்டால்
சாதி என்று காதில் விழும் ஊர் எங்களுடையது.
சொன்னேன்.
“செரி, சொல்லி விடுதேன்” என்றார்.
நாலு வருடமாகிறது, இன்னும் சொல்லி விடவில்லை.

அவள் கதையும் என் கதையும் ஒன்றென்று
சொல்லமாட்டேன்.
அவள் ஆட்களைக் கப்பலில் கட்டிக் கொண்டுபோனார்கள்.
என் ஆட்களை எங்கும் கொண்டுபோகவில்லை,
நின்ற வயலோடு சேர்த்து
ஓலையில் எழுதி விற்றார்கள்.
விலை போட்டவன் கையெழுத்து மட்டும்
ஒரே மாதிரி இருந்திருக்கலாம்.

ஆனால் சிரிப்பு வந்த வாய் அப்படியே நின்றது
வேறொரு கணக்கில்.
துணிக்கடைக்காரர் என்னை ஒருத்தியைத்தான் அனுப்பினார்.
எனக்கு ஷிப்டுக்கு அறுநூறு பேர்.
எத்தனை நாலுக்கு
இந்த விரலால் ‘சரி’ அமுக்கினேன்?
ஒரு கையில் சூடாறிய கட்டன் சாயா,
காதில் பாட்டு.

போல்க்கின் நாலை எட்டாக்கினேன்.
உடனே ஒரு கட்டம் திறந்தது.
மாற்றியதன் காரணத்தைத் தேர்ந்தெடுக்க:
கல்வி. அனுபவம். தட்டச்சுப் பிழை. மற்றவை.
மற்றவைக்கு நாற்பது எழுத்து.
‘பெயரை மாற்றிப் பார்த்தேன்’ என்று எழுதினேன்.
இடம் மிச்சம் இருந்தது.
வேறொன்றும் தோன்றவில்லை.

அஜின் நாற்காலியோடு உருண்டு வந்தான்.
“என்ன மக்கா, ஒனக்க எரர் ரேட் ஏறுகு?
மிஷினு போட்டத நீ எதுக்கு நோண்டுக?”
பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச்.
அவன் சபை எனக்குத் தெரியும்.
என் சபை அவனுக்குத் தெரியும்.
இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தரைக்கு வேன்.
பார்வதிபுரம் பாலத்தில் ஏறும்போது
ஆரல்வாய்மொழிக் காற்று கண்ணாடியைத் தட்டியது.
பள்ளிக்கூட முக்கு வந்ததும்
டிரைவர் சுயம்புலிங்கம் வழக்கம்போல் கேட்டார்:
“தெருவுக்குள்ள கொண்டு விடட்டா?”

வழக்கம்போல்
“இஞ்ச போதும்” என்றேன்.
வேன் திரும்பி மறையும்வரை
யாரோ ஒருவர் வீட்டு கேட்டருகே
அந்த வீட்டுப் பெண் மாதிரி நின்றேன்.
பிறகு நடந்தேன்.