முழங்காலுக்கு மேலே ஒரு சாண்

பன்றிக்கு நெஞ்சு எங்கே வருமோ
அங்கேதான் குழாயைக் கட்டுவார்கள்.
எனக்கு அது முழங்காலுக்கு மேலே ஒரு சாண்.
என் மகன் நிரோஜனுக்கும் ஏறக்குறைய அதே இடம்தான்.
ஆனால் அன்றைக்கு அவன்
விறகுக்கட்டைத் தூக்கக் குனிந்திருந்தான்.

பொலிஸ் புத்தகத்தில் விபத்து என்று எழுதினார்கள்.
"பன்றிக்கு வச்சது தப்பிப்போனதால விபத்தா?"
என்று கேட்டேன்.
எழுதியவர் பேனையை மூடினார்.

மடுல்சீமை பஸ் திரும்பும் முடக்குக்கு மேலே
கொழுந்தெடுக்காமல் விட்ட பதினோராம் நம்பர் மலை.
தேயிலை மரமாகி, இடையில் மானாப்புல் ஆளுயரம்.
அங்கே கட்டுத்துவக்கு வைத்தது அழகுமலை என்று
லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.
எனக்கு இன்னொன்றும் தெரியும்:
போன தீபாவளிக்கு அவனிடம் இரண்டு கிலோ வாங்கி
மிளகு கூட்டிக் கறி வைத்தது நான்.
நிரோஜன் சட்டியை வழித்துத் தின்றான்.
பல்லில் பட்ட ஈயத்தைத் துப்பி
ஜன்னல் கட்டையில் வைத்தான்.
அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கருமாதி முடிந்து மலையேறிய நாள்
மட்டக்கம்பை எடுத்தேன்.
செடிக்கு மேலே படுக்கவைத்து
மட்டம் பார்க்கிற கம்பு.
அதை நிமிர்த்தி
அந்த உயரத்தில் சிவப்பு நூல் கட்டினேன்.

அந்தி நிறை முடிந்ததும் லயம் லயமாகப் போகிறேன்.
மேடை தெரியாது, பேச்சு வராது.
வாசலில் கம்பை ஊன்றி
"புள்ளையள கூப்பிடுங்க" என்பேன்.
எட்டாம் வகுப்புக்காரனுக்குத் தொடை.
மூன்றாம் வகுப்புக்காரிக்கு இடுப்பு.
பிள்ளைக்காம்பராவில் நடை பழகும் மதுமிதாவுக்கு
நெற்றியில் உரசியது நூல்.
அவள் சிரித்து
அதைப் பிடித்து இழுத்தாள்.
அவள் அப்பன்
அதற்குமேல் பார்க்க முடியாமல் உள்ளே போனான்.

"மரவள்ளிய பன்னி தின்னா நீ காசு குடுப்பியா?"
செவந்தி கேட்டது நியாயம்.
அவளுக்கும் மாதத்தில் பாதி நாள் அரைப்பேர்தான்.
பதில் இல்லாமல் திரும்பி வந்தேன்.
மறுநாள் பிரட்டுக்களத்தில் அவளே
எனக்குப் பக்கத்தில் கூடையை இறக்கினாள்.
பிறகு முப்பத்தெட்டுக் கூடை.
பதினோராம் நம்பரைத் துப்புரவாக்காமல்
மலையேற மாட்டோம்.
தொரை இரண்டு நாள் பொறுத்து
பாதி மலைக்கு ஆள் போட்டார்.
பாதிதான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்
என் சிங்களம் எட்டுச் சொல்லோடு நின்றுவிடும்.
கம்பை ஊன்றினேன்.
கருணாவதி என்ற ஒருத்தி நூலைப் பார்த்தாள்,
சீத்தையை உயர்த்திக் காட்டினாள்:
அதே உயரம்,
கோணல் தையல்.
இருவரும் அவள் வாசற்படியில் உட்கார்ந்து
வெறுந்தேத்தண்ணி குடித்தோம்.
அவள் வீட்டுக் கம்பிலும் இப்போது ஒரு நூல்.

முதல் குழாய் பீலிக்கரையில் கிடந்தது,
உரப்பையில் சுற்றி, இராத்திரியோடு இராத்திரியாக.
யார் என்று கேட்கவில்லை.
கேட்டால் அடுத்தது வராது.
இதுவரை ஒன்பது.
கிராம சேவகரோடு போய் ஒப்படைக்கும்போது
பெயர் போடுகிற இடத்தில்
என் பெயரைச் சொல்வேன்: யோகமலர்.

அழகுமலை பிணையில் வந்திருக்கிறான்.
முகம் பார்ப்பதில்லை.
ஆனால் விடியப் பிரட்டுக்கு முன்னால்
நீட்டு மூங்கிலால் புல்லைக் குத்திக் குத்தி
எங்களுக்கு முன்னே ஒருவன் மலையேறுகிறான்.
அவன் மன்னிப்புக் கேட்கவில்லை,
நான் கொடுக்கவும் இல்லை.
அவன் மிதித்த இடத்தில்
மிதித்து நடக்கிறேன்.

நேற்றிரவு என் மரவள்ளியையும்
பன்றி தோண்டிவிட்டது.
கொல்லையில் நின்று திட்டினேன்,
வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.
பிறகு குழியை மூடினேன்.
மிச்ச பாதி மலையில்
இன்னும் எத்தனை நூல் என்று
யாருக்கும் தெரியாது.
சங்கு ஊதுகிறது.
கம்பு கதவுக்குப் பின்னால் நிற்கிறது.