ஆறு மீற்றருக்கு அப்பால்

விடிய அஞ்சு மணி. பென்டில் ஹில்.
பள்ளிக்கூட வேலியிலை ரெண்டு பேர் அடிபடுகினம்.
காணித் தகராறில்லை,
கம்பி வலையிலை எட்டடி இடம்.
ஆரின்ரை முகம் வாசலுக்குக் கிட்டத் தொங்கிறது
எண்டதுதான் வழக்கு.
ஒருத்தர் போனமாதம் கோயில் தேருக்கு வந்தவர்,
வேட்டி இடுப்பிலை நிக்காமல் பெல்ட் கட்டி.
மற்றவரை எனக்குத் தெரியாது.
நீலச் சுருளும் சிவப்புச் சுருளுமாய்
பொலித்தீனை இழுத்து இழுத்து
வேலி முழுக்கச் சுத்திப்போட்டினம்,
காயத்துக்குத் துணி சுத்தினமாதிரி.

நான் மஞ்சள் மேற்சட்டை. கையிலை தும்புத்தடி.
எட்டுக்குள்ளை மண்டபம் கூட்டி,
மட்டையாலை செய்த கூண்டுகளுக்குக் கீழை துடைச்சு,
பென்சில் சீவலையும் அள்ளிக்கொண்டு வெளியிலை வாறன்,
தாளோடை நிண்ட பதினொரு பேரிலை
ஒருத்தருக்கும் என்னைத் தெரியேல்லை.
காலை மட்டும் தூக்கி விட்டினம்,
கீழை கூட்ட.

பத்து மணிக்கு எனக்கு இடைவேளை.
மேற்சட்டையைக் கழட்டி வாளிக்குள்ளை வைச்சிட்டு
கைப்பையைத் தோளிலை கொழுவிக்கொண்டு
வாசலாலை திரும்பி வந்தன், வாக்குப் போட.
அதே பதினொரு பேர்.
அம்மாடி, என்ன சிரிப்பு!
தேருக்கு வந்தவர் ஓடிவந்து கைகூப்பி
“வனாக்கம்” எண்டார்.
அரை மணித்தியாலத்துக்கு முன்னம்
அவரின்ரை சப்பாத்துக்கு அடியிலை இருந்துதான்
அவரின்ரை முகத்தை நான் கூட்டி எடுத்தனான்.

ஆறு மீற்றருக்குள்ளை ஒருத்தரும் தாள் குடுக்கேலாது,
சட்டம்.
அந்தக் கோடு தாண்டினதும் கதை அறுந்துபோச்சு.
பச்சைத் தாளிலை ஆறு பெயர்.
ஆறு பேருக்கும் எண் போடவேணும், ஒருத்தரையும் விடேலாது.
ஒண்டு ஆருக்கெண்டு நான் யோசிக்கேல்லை.
ஆறு ஆருக்கெண்டுதான் கனநேரம் நிண்டன்.
பின்னாலை ஒரு மனுசன் செருமினார்.

வெளியிலை பெற்றார் சங்கத்தின்ரை அடுப்பு.
சனிக்கிழமை, நான் மச்சம் தொடுறதில்லை எண்டன்.
டெப் எண்ட பெண் பாணை விரிச்சு
வெங்காயத்தை மட்டும் அள்ளி வைச்சுத் தந்தா.
காசு வாங்கேல்லை.
வெங்காயம் கருகினதுதான். நல்லாயிருந்தது.

மத்தியானம் காத்து மாறினது.
தாள் தாளாய் எழும்பி
பிள்ளையள் கெந்தி விளையாடுற கட்டங்களிலை
கொஞ்சநேரம் இருந்து
பிறகு ஓடிப்போய் மழைக்கானுக்குள்ளை குதிச்சுது.
கான் போய் விழுறது ஓடையிலை.
ஓடை ஆரின்ரை தொகுதியெண்டு
இன்னும் ஒருத்தரும் அறிவிக்கேல்லை.

ஆறு மணிக்குக் கதவடைச்சாச்சு.
உள்ளை எண்ணத் தொடங்க
வெளியிலை நிண்டவை கார் ஏறிட்டினம்,
கிளப்பிலை விருந்தாம், பெரிய ரீவியாம்.
வேலி அப்பிடியே.
மீன் வெட்டுற கத்திரிக்கோல் காரிலை கிடந்தது, எடுத்தன்.
ஒரு பிளாஸ்ரிக் கட்டு, ரெண்டு, நூற்றிப் பன்னிரண்டு.
நறுக்கின நுனியெல்லாம் புல்லுக்குள்ளை.
திங்கக்கிழமை பாலர் வகுப்பு
சாப்பாட்டுப் பெட்டியோடை இருக்கிற புல்லு.
போன் வெளிச்சத்திலை குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கினன்.

அவரின்ரை முகம் தொட்டிக்குள்ளை போகேல்லை.
நாடிக்குக் கீழை மடிச்சன், விரிஞ்சுது.
முழங்காலாலை அமத்தி மடிச்சன்,
திரும்ப விரிஞ்சுது, அதே சிரிப்போடை.
கடைசியிலை ஒண்டைப் பின்சீற்றிலை போட்டன்.
எங்கடை கொரோலா ஒயில் ஒழுகிறது,
கீழை விரிக்க மட்டை வேணுமெண்டு
இவர் கனநாளாய்ச் சொல்றவர்.

பின்னேரக் கூட்டலுக்குக் கொம்பனி தாறது
ஒரு மணித்தியாலக் காசு.
எடுத்தது மூண்டரை.
பின்சீற்றிலை அவர். ரேடியோவிலையும் அவர்.
வெண்டிட்டாராம்.
தொண்டர்களுக்கு நன்றி, மனுசிக்கு நன்றி,
நாய்க்கும் பெயர் சொல்லி நன்றி.
சிக்னலிலை நிண்டு
சத்தத்தைக் கூட்டிக் கேட்டன்,
அந்த ரெண்டரை மணித்தியாலத்தைப் பற்றி
ஏதும் வருமோ எண்டு.