லேசானது

பலகையில் சுங்கை. எங்கள் வாயில் லோங்காங்.
எப்படியோ நெளிந்து போய்க் கொம்பாக்கில் விழும்.
அதன் கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
கம்பில் கட்டிய குடை, நோட்டு:
இதுதான் என் ஆபீஸ்.
சேறு ஏற்றிய லாரிக்கு ஒரு கோடு.
நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது.
எழுபதைத் தாண்டிய நாளில்
காண்ட்ராக்டர் எனக்கும் ஒரு மீ கோரெங் பொட்டலம் வாங்கி வருவார்.

கோலாலம்பூர் என்றால் சேறு கூடும் துறை
என்று பள்ளியில் சொன்னபோது சிரித்தேன்.
போன டிசம்பரில் அது வீட்டுக்குள் வந்து
தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனது,
குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டு வரை.
மகளின் சப்பாத்தில் ஒன்று கிடைத்தது, மற்றது இல்லை.
மூன்று நாள் வழித்து வழித்துக் கொட்டினேன்.
இப்போது கணக்குப் பார்த்தால்
என் வீட்டை நிரப்பிய மொத்தச் சேறும்
வடமலையின் எக்ஸ்கவேட்டருக்கு ஒரு வாளி காணாது.

வடமலை,
கன்னத்தில் உட்கார்ந்த கொசுவை
அந்த இரும்புக் கையாலேயே அடிப்பான் என்பார்கள்.

கரையை உயர்த்தவில்லை, வெட்டுகிறார்கள்.
வெள்ளத்துக்குக் கதவைத் திறந்து வைப்பதா என்று கேட்டோம்.
இஞ்சினியர் நூர் அஸ்லினா பூட்ஸால் மிதித்துக் காட்டினார்:
"இது கரையே இல்லை. மேலிருந்து வந்து படிந்தது.
ஆறு கால் நீட்டிய இடமெல்லாம் மேடாகிவிட்டது.
படுக்க இடமில்லாதது எழுந்து நடக்கும்."
நடந்து எங்கே வந்தது என்று நான் சொல்லவில்லை.

வாளி இறங்க இறங்க நிறம் மாறும்.
மேலே மைலோ பொட்டலம், தலையணை, ஒற்றைக்கால் பொம்மை.
அதன் கீழ் மஞ்சள்: மேட்டில் எழும்பிய கொண்டோக்களின் மண்.
அதற்கும் கீழ் சாம்பல், விரலில் மாவாக வழுக்கும்:
ஈய லம்பத்துக் கழிவு.
யார் யாரோ தட்டைச் சுழற்றிச் சுழற்றிக்
கனத்ததை எடுத்துக்கொண்டு
லேசானதை ஆற்றில் விட்டார்கள்.
லேசானதுதான் இத்தனை லாரி.

செவ்வாய்க்கிழமை, பதினோராவது லாரிக்கு அப்புறம்
வடமலை வாளியை அந்தரத்தில் நிறுத்தினான்.
கறுப்பு.
இறங்கி வந்து கிள்ளிப் பார்த்தான்.
இலை. நரம்பு கலையாத இலை.
மூச்சுப் பட்டதும் ஓரம் சுருண்டது.
"போதும். இதுதான் தரை" என்றார் அஸ்லினா.
பாதி ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.
அதற்கு எப்படிக் கணக்கு?
அரைக் கோடு போட்டேன்.

அந்தக் கறுப்பைத் திறந்தபடியே விட்டார்கள்.
நாற்றம் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன்.
பதினெட்டாம் நாள் கோரை. யாரும் நடவில்லை.
காற்றில் வந்திருக்கலாம் என்கிறார் அஸ்லினா,
உள்ளேயே கிடந்திருக்கலாம்;
தெரியாததை அவர் எழுதமாட்டார்.

நேற்றிரவு பெருமழை.
இரண்டு மணிக்கு எழுந்து
குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன், பழக்கம்.
ஜன்னலுக்கு வெளியே
தண்ணீர் ஓரம் தாண்டி, வெட்டிய தாழ்வில் பரவி,
தெருவிளக்கை முழுசாக வாங்கிக்கொண்டு
அங்கேயே நின்றது.
நானும் நின்றேன்.
மூன்றரைக்கு, பாதித் தூக்கத்தில் மகள்:
"அம்மா, சப்பாத்து?"
அலமாரி மேல் என்றேன்.
இன்னும் கீழே எடுத்து வைக்கவில்லை.