கேட் நம்பர் மூன்று

கட்டைவிரலுக்குத்தான் வேலை.
ஆள் ஒன்று நுழைந்தால் ஓர் அமுக்கு.
உள்ளங்கையளவு கருவி, நாலு இலக்கம்,
ஆட்டத்துக்கு ஆட்டம் பூஜ்யத்துக்குத் திருப்பி வைப்பேன்.

முதல் வருஷம் நாலாவது இலக்கமும் நகர்ந்தது.
ரேஸ்கோர்ஸ் அரங்கில் படிக்கட்டெல்லாம் தலை.
வாலிபாலுக்கா இவ்வளவு சனம் என்று
எதிர்ச் சாரிப் பரோட்டாக் கடையில்
இரண்டாவது கல் போட்டார்கள்.

இது மூன்றாவது வருஷம்.
நேற்று எண்பத்தொன்று.
அதில் பதினோரு பேர்
கழிப்பறை தேடி வந்தவர்கள்.

“ஆயிரத்து இருநூறுன்னு எழுதிக்கம்மா.”
முகம் பார்க்காமல் சொல்வார் துளசிராம் சார்.
எழுதுவேன்.
சம்பளமும் அந்தப் பேரேட்டிலிருந்துதானே வருகிறது.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்:
போஸ்டர் பத்தலையோ? ரேடியோவில் சொல்லலாமா?
துளசிராம் சார் பேனாவை மூடினார்.
“அழகர் என்ன போஸ்டர் ஒட்டியா
ஆத்துக்குக் கூட்டம் சேக்குறாரு?”
யாரும் சிரிக்கவில்லை.
டிக்கெட் விலையை மறுபடி பத்து ரூபாய் குறைத்தார்கள்.

கேமராவின் கண்ணுக்குக் கிழக்குப் பக்கம் மட்டும்தான்.
அந்தப் பக்கம் நிரப்ப
திருப்பரங்குன்றத்திலிருந்து வேனில் வருவார்கள்
பாலிடெக்னிக் பையன்கள் முப்பது பேர்,
மஞ்சள் பனியன், ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம்.
இரண்டாவது செட் முடியும்போது பொட்டலமும் முடியும்.
பனியனை நாற்காலிகளுக்கு மாட்டிவிட்டு
கிளம்பிவிடுவார்கள்.
தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் மாதிரிதான் தெரியும்.

காவலுக்கு நிற்கும் அந்தோணிச்சாமி
உள்ளே நடக்கும் ஆட்டத்தைப் போனில் பார்க்கிறார்.
சுவருக்கு அந்தப் பக்கம் விசில்.
இருபது நொடி கழித்து
அவர் கைக்குள் அதே விசில்.
“உள்ள போய்ப் பாருங்களேண்ணே.”
“இதுல ரீப்ளே வரும்மா.”

வீட்டுக்குப் போகும்போது
பெரியார் நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்றேன்.
கருவி பையில் இருந்தது. சும்மா அமுக்கினேன்.
பைக்கட்டு, தூக்குவாளி, மல்லிகைக் கூடை,
ஹெல்மெட்டைக் கையில் பிடித்த கல்யாண வீட்டார்.
திருமங்கலம் வண்டி வருவதற்குள் தொள்ளாயிரத்து ஆறு.
ஆள் இல்லாமல் இல்லை.

ஆட்டம் முடிந்து ஒச்சப்பன் வருவான்.
உசிலம்பட்டிக்காரன், ஏழாம் நம்பர்,
அடித்தால் பந்து தரையைத் திட்டும்.
“இன்னிக்கு எத்தனைக்கா?”
“ஆயிரத்து இருநூறு.”
“அது பேப்பருக்கு. எனக்கு?”
கருவியைக் காட்டினேன். எண்பத்தொன்று.
விரல் விட்டு ஏதோ கழித்தான்.
“எங்க வீட்டு ஆளுக ஆறு பேரு.”
மிச்சத்தைச் சொல்லாமல்
முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு போனான்.

இந்த வருஷம் கைதட்டலும் ஒலிபெருக்கியில்தான்.
முதல் வருஷ இறுதியாட்டத்தில் பதிவு செய்தது.
புள்ளி விழுந்ததும் பொத்தானைத் தட்டுவார்கள்,
நாலாயிரம் பேர் ஒரேயடியாக இரைவார்கள்.
இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல்,
யாரோ பின்வரிசைக்காரர், கடுப்பில்:
“ஏய், உக்காருய்யா, மறைக்குது!”
ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தக் குரல்.
ஓர் ஆட்டத்தில் நூறு தடவை மறைக்கும் அவருக்கு.

இன்று ஐந்தாவது செட்.
இனி யாரும் வரப்போவதில்லை என்று
கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.
பதினாலு பதினாலு.
ஒச்சப்பன் எழும்பினான்.
இரண்டு பேர் தடுக்க எழும்பினார்கள்.
அந்தக் கைகளுக்கு மேலே, அரை நொடி,
அவன் மட்டும் இறங்காமல் நின்றான்.
பந்து மூலையில் விழுந்தது.

நடுவரிசையில் தனியாக இருந்த ஒரு மனிதர்
துள்ளி எழுந்தார்,
டிபன் பை மடியிலிருந்து உருண்டது.

பொத்தான் தட்டப்பட்டது.
“ஏய், உக்காருய்யா, மறைக்குது!”

அவர் திரும்பிப் பார்த்தார்.
பின்னால் இருபத்திரண்டு வரிசை நீல நாற்காலி.

கையைத் தூக்கி, “மன்னிச்சுக்கங்க,” என்று
உட்கார்ந்துகொண்டார்.