எனக்கு முன்னால் ஒரு ஹெல்மெட்

கல்முனை, பிரதான வீதி, காலை பத்தரை.
கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஏசி,
வெளியே வரிசையின் வால்.
வாலில் நான்.
எனக்கு முன்னால் நிற்பது ஒரு ஹெல்மெட்.
ஆள் இல்லை.
கறுப்பு. நெற்றியில் நீளமாய் ஒரு கீறல்.
உள்ளே பழைய வியர்வை,
மடித்துச் செருகிய லாண்டரித் துண்டு.

"இந்தா வாறன் எண்டு வெச்சிட்டுப் போனவர்,"
என்றார் அதற்கு முன்னால் நின்ற தாதி,
கோட்டில் சாட்சி சொல்கிற குரலில்.
எப்போது என்று கேட்டேன்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
பதில் சொல்லவில்லை.

எனக்கு இடைவேளை இருபது நிமிடம்.
இருபத்தோராவது நிமிடத்தில்
காப்புறுதிக் கந்தோர் மனேஜர்
பேனையால் மேசையில் தட்டத் தொடங்குவார்.

கவுன்டரில் ஏ.எல் எழுதி முடித்த பிள்ளைகள் ஐந்து பேர்.
ஐஸ் போட்டது ஒன்று, போடாதது ஒன்று,
போட்டபின் எடுக்கச் சொன்னது ஒன்று.
காசை ஐந்தாய்ப் பிரிக்க ஒருத்தி போனை எடுக்கிறாள்.
மெஷின் பெருமூச்சு விடுகிறது.
நானும்.

வரிசை ஓரடி நகர்ந்தால்
ஹெல்மெட்டை நகர்த்த வேண்டியது நான்.
யாரும் சொல்லவில்லை, எப்படியோ என் வேலையாயிற்று.
முதலில் சப்பாத்து நுனியால், வெறுப்போடு.
பிறகு, ஆட்கள் பார்க்கிறார்களே என்று
குனிந்து, கையால்.

பின்னால் நின்ற பதுர்தீன் காக்காவுக்குப் பொறுக்கவில்லை.
"தம்பி, அத அங்கால தூக்கி வைங்க.
ஹெல்மெட்டு கோப்பி குடிக்குமா?"

நியாயம்தான்.
தூக்கினேன்.
அங்கால வைக்கத்தான் தூக்கினேன்.

கேஸ் இல்லாத அந்த வருஷம்
மைதானத்து மதிலோரம்
என் வெறுஞ்சிலிண்டர் மூன்று இரவு நின்றது.
கட்டிவைக்கச் சங்கிலி கொண்டுபோகவில்லை.
இரண்டாம் இரவு மழை. வீட்டுக்கு ஓடி
அசந்து உறங்கி விடியத் திரும்பினால்
வரிசை நாற்பது ஆள் தூரம் முன்னே போயிருந்தது.
சிலிண்டரும் போயிருந்தது,
அதே பச்சைச் சாரன்காரருக்குப் பின்னால்,
மழையில் கழுவுண்டு.
யார் உருட்டினது என்று கேட்டேன்.
ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதைக் காக்காவுக்குச் சொல்ல நேரமில்லை.
ஹெல்மெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்,
தடுப்பூசிக்குக் கொண்டுவந்த பிள்ளை மாதிரி.

எங்கள் முறை வந்தது.
அப்படித்தான் மனதில் வந்தது: எங்கள்.
மார்க்கர் மூடியைக் கடித்துக்கொண்டு
"பேர்?" என்றான் பொடியன்.
வரிசைப்படி முதலில் அதன் பேர்தானே.
"ஹெல்மெட்."
அவன் நிமிரவில்லை. கப்பில் எழுதினான்.
நானூற்றைம்பது ரூபா.
அடுத்து என் பேர். சதாகரன் என்றேன்.
சுதாகரன் என்று எழுதினான்.
ஹெல்மெட்டில் மட்டும் ஒரு எழுத்துப் பிழை இல்லை.

வெளியே,
வேப்பமர நிழலில்,
என்ட மோட்டார் சைக்கிள் சீட்டிலேயே சாய்ந்துகொண்டு
ஒருவன் போனில் கிரிக்கெட் பார்க்கிறான்.
என் இடுப்பைப் பார்த்ததும் இறங்கினான்.
"வந்திட்டா?"
ஹெல்மெட்டிடம்தான் கேட்டான்.

கப்பை நீட்டினேன்.
பேரை வாசித்தான். சிரிக்கவில்லை.
ஒரு மிடறு குடித்தான்.

"சீனி கூட, மச்சான்."